104 ரூபாயும் 129 ரூபாயும்

தென்திசை வானம் – 17

சங்கரன்கோவிலில் விமான நிலையம் கிடையாது. வரும் என்று எந்தத் தேர்தலிலும் யாரும் வாக்குக் கொடுத்ததாகவும் நினைவில்லை. ஆனால் விமானக் கம்பெனிகளைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை. 2008-ம் வருடத் தொடக்கம். திருவேங்கடம் ரோட்டில் ஒரு டீக்கடை. விசைத்தறி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், மாதம் இரண்டு தடவையாவது சேலை மாதிரிகளோடு சென்னைக்குப் போய் வருகிறவர், டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொதிகையில ஏறினா காலைல எழும்பூர். குளிக்க ஒரு லாட்ஜ். பார்ட்டியப் பாத்துட்டுச் சாயங்காலம் திரும்ப அதே பொதிகை. ரெண்டு ராத்திரி ரயில்ல போச்சு. இதே நான் விடியக்காலம் மூணரைக்குக் காரை எடுத்தா, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி தாண்டி ஆறரைக்கு மதுரை ஏர்போர்ட். பத்து மணிக்கு தி.நகர். ராத்திரி பன்னெண்டுக்குள்ள வீடு. ரெண்டு ராத்திரித் தூக்கம் யாருக்கு மிச்சம்? எனக்குத்தாம் தம்பி."

"எதுல போவீக அண்ணாச்சி?"

"பாரமவுண்ட்தாம். காலை நீட்டலாம். இந்தப் பக்கம் ரெண்டு சீட்டு, அந்தப் பக்கம் ரெண்டு சீட்டு. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற சோலியே கிடையாது."

எதிர் பெஞ்சில் அவருடைய மைத்துனர். "நானெல்லாம் டெக்கான்ல ஒத்த ரூபாய்க்குப் போயிட்டு வந்தவன்" என்றார். அண்ணாச்சி விடவில்லை. "ஒத்த ரூபா டிக்கெட்டுக்கு வரி, சார்ஜ் எல்லாம் சேத்து எவ்வளவு குடுத்தீரு?" என்று கேட்டார். "அத விடும்வே" என்று பேச்சை மாற்றினார் மைத்துனர்.

அன்றைக்கு அந்தப் பெஞ்சில் ஒப்பிடப்பட்டவை சீட்டு, சாப்பாடு, டிக்கெட் விலை, பணிப்பெண்களின் உபசாரம், எந்தக் கம்பெனி நேரத்துக்கு எடுக்கிறது, எது எடுப்பதில்லை ஆகியவை. இந்தியா முழுக்கப் பயணிகள் ஒப்பிட்டதும் இவற்றைத்தான். அந்த விமானம் எத்தனை கிலோ எடை என்று எங்கள் டீக்கடையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

*

சென்ற பகுதியை 1994-ல் நிறுத்தியிருந்தேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக அதுவரையிலான கதை நாலு வரியில். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளோடு ஓட்டி வந்தார்; அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். 1935-ல் அதே டாடா கம்பெனி திருவனந்தபுரத்துக்கும் வந்தது. அந்த வகையில் சங்கரன்கோவிலுக்குக் கிட்டத்தில் இறங்கிய முதல் வான்தபால், மலைக்கு அந்தப் பக்கத்தில் இறங்கியது. 1953 ஆகஸ்ட் 1 அன்று நாட்டுக்குள் ஓடிய எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. அதன்பின் நாற்பது வருடம் போட்டி என்ற பேச்சே இல்லை. போட்டி இல்லாத இடத்தில் பலம், பலவீனம் என்று எதை எழுதுவது? எல்லா ஊருக்கும் போனது அதன் பலம். போகாவிட்டாலும் கேட்க நாதி இல்லை என்பது பலவீனம். பயணிக்குத்தான், கம்பெனிக்கு இல்லை.

1990-களின் தொடக்கத்தில் தனியாருக்குக் கதவு திறந்தது. ஈஸ்ட் வெஸ்ட், டமானியா, மோடிலுஃப்ட், ஜெட் என்று வரிசையாக வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நம் பக்கத்துக் கம்பெனி ஒன்றும் இருந்தது: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ். பெயரைக் கேட்டதும் சிலருக்குக் காற்றாலை நினைவுக்கு வரும். நினைவு சரிதான். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நட்ட அதே கம்பெனிதான் விமானமும் விட்டது. காற்றில் சம்பாதித்ததைக் காற்றிலேயே விட்டார்கள் என்று அப்போது ஒரு கேலி உண்டு.

அவர்கள் யோசனை தப்பில்லை. பெரிய கம்பெனிகள் பம்பாய், டெல்லி என்று பெரிய ஊர்களுக்குள் அடித்துக்கொண்டிருக்க, ஃபாக்கர் எஃப்-27 என்ற பழைய, சிறிய, விசிறி வைத்த விமானங்களை வாங்கி, ஜெட் இறங்காத ஊர்களை இணைப்போம் என்றார்கள். பெரியவன் வராத தெருவில் கடை போடுவது நல்ல வியாபாரப் புத்தி. ஆனால் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க வேண்டும். 1995-ல் டமானியாவை வாங்கி, ஸ்கைலைன் என்.இ.பி.சி. என்று பெயர் மாற்றி, போயிங்கோடு பெரிய கடைத்தெருவுக்குப் போனார்கள். 1997-ல் எல்லாம் நின்றுவிட்டது. காற்றாலைகள் பல இன்னும் சுற்றுகின்றன.

ஜெட் அந்தத் தலைமுறையில் தப்பித்தது. 1993 மே மாதம் நான்கு போயிங் 737 விமானங்களோடு தொடங்கியவர்கள், அலுவல் நிமித்தம் பறக்கும் கோட்டு சூட்டுக்காரர்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆட்களுக்கு டிக்கெட் காசு கம்பெனிக் காசு; அவர்கள் பார்ப்பது நேரத்தையும் உபசாரத்தையும். ஜெட்டின் பலம் அதில் இருந்தது. சென்னை–மதுரைக்கு ஏடிஆர் என்ற விசிறி விமானத்தை விட்டபோதும் அதே பதவிசோடுதான் விட்டது.

*

இப்போது மைத்துனரின் ஒத்த ரூபாய்க்கு வருவோம்.

ஏர் டெக்கானைப் பற்றித் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று சிலர் நினைக்கலாம். 2020-ல் 'சூரரைப் போற்று' வந்தபிறகு கேப்டன் கோபிநாத் சோழவந்தான்காரர் என்றே நம்புகிறவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர் கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்துக் கொரூர்க்காரர். ராணுவத்திலிருந்து வந்து, பட்டுப்பூச்சி வளர்த்து, ஹெலிகாப்டர் கம்பெனி நடத்தி, 2003 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு முதல் விமானத்தை விட்டார். ஆர்.கே. லட்சுமணனின் கட்டம் போட்ட சட்டைக்காரரைத்தான் கம்பெனியின் முகமாக வைத்துக்கொண்டார்.

டெக்கானின் பலம் விலை மட்டும் இல்லை. டிக்கெட் விற்கும் இடத்தையே அது மாற்றியது. அதற்கு முன் விமான டிக்கெட் என்றால் டவுனில் ஏசி போட்ட ஓர் ஆபீஸ், உள்ளே போகச் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்ற தயக்கம். டெக்கான் இணையத்திலும் போனிலும் விற்றது. பெட்ரோல் பங்கிலும் விற்கப் பார்த்தது. சாப்பாடு கிடையாது, தண்ணீர் வேண்டுமென்றாலும் காசு. எங்கள் ஊர் ஆட்களுக்கு அதில் வருத்தம் இல்லை. புளியோதரையைக் கட்டிக்கொண்டு போகத் தெரியாதவர்களா நாம்?

பலவீனமும் அதே இடத்தில்தான் முளைத்தது. நான்கே வருடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள், அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். ஏடிஆரும் ஏர்பஸ்ஸும் கலந்த படை. ஒரு விமானம் காலையில் ஒரு ஊரில் பழுதாகி நின்றால், அன்று அது போக வேண்டிய மற்ற ஊர்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதம். மாற்று விமானத்தைச் சும்மா நிறுத்தி வைக்க வசதி இல்லை. நிறுத்தி வைத்தால் டிக்கெட் விலை ஏறும். 2006-ல் பங்கு வெளியிட்டபோது வாங்க ஆள் வராமல் விலையைக் குறைத்து, தேதியை நீட்டித்துத்தான் விற்று முடித்தார்கள். கூட்டம் இருந்தது, காசு தங்கவில்லை.

*

அண்ணாச்சியின் கட்சிக்கு வருகிறேன். இந்தத் தொடரில் நான் மிக ரசித்து எழுதும் கம்பெனி இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை.

மதுரையின் ஜவுளிக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த எம். தியாகராஜன் 2005 அக்டோபரில் பாரமவுண்ட் ஏர்வேஸைத் தொடங்கினார். பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170, 175 ரக ஜெட் விமானங்கள். எழுபது, எழுபத்தைந்து இருக்கைகள். அத்தனையும் உயர்வகுப்பு. மதுரை, கோயம்புத்தூர், சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் என்று பெரும்பாலும் தெற்கேயே சுற்றின. சில்வர் தட்டில் வெதுவெதுப்பாய் ஈரத்துண்டு கொடுப்பார்கள். ஜவுளிக்காரரும் பூ ஏலக்காரரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டைத் திருப்பிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று பக்கத்துச் சீட்டைப் பார்ப்பார்கள். நான் ஒரு தடவை போயிருக்கிறேன். நானும் பக்கத்துச் சீட்டைத்தான் பார்த்தேன்.

இத்தனை வசதி கொடுத்துவிட்டு, மற்றவர்களின் சாதா டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் எப்படி விற்க முடிந்தது? ஊரில் எல்லோரும் சொன்ன பதில், "பெரிய இடத்துக் காசு." உண்மையான பதில் வரிச் சட்டத்தில் இருந்தது.

விமானக் கம்பெனியின் செலவில் பத்து ரூபாய்க்கு மூன்று, நாலு ரூபாய் எரிபொருளுக்கே போய்விடும். அந்த எரிபொருளுக்கு மாநிலங்கள் போடும் விற்பனை வரி ஊருக்கு ஊர் வேறு. தமிழ்நாட்டில் அது 29 சதவீதம். நாட்டிலேயே கடுமையான வரிகளில் ஒன்று. ஆனால் சிறு விமானங்களை ஊக்குவிக்க வேண்டும் என்று மத்திய அரசு நினைத்தது. முதலில் விசிறி விமானங்களுக்கு, பிறகு 40,000 கிலோவுக்குக் குறைந்த எடையோடு மேலெழும் எல்லாப் பயணி விமானங்களுக்கும், வரி 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் எழுதினார்கள். இன்னொரு சலுகையும் உண்டு: 80 இருக்கைக்குக் குறைந்த விமானம் உள்நாட்டில் இறங்கினால் இறங்கு கட்டணம் இல்லை.

மதுரையில் நிற்கும் இரண்டு விமானங்களை மனக்கண்ணில் வையுங்கள். ஒன்று போயிங் 737. மேலெழும்போது எழுபத்தைந்து டன்னுக்கு மேல். பக்கத்தில் எம்ப்ரேயர், நாற்பது டன்னுக்குள். ஒரே லாரி, ஒரே எண்ணெய். நூறு ரூபாய் எண்ணெய்க்குப் போயிங்காரர் 129 ரூபாய் கொடுக்கிறார். எம்ப்ரேயர்காரர் 104 ரூபாய் கொடுக்கிறார். தரையைத் தொட்டதற்குப் போயிங்காரருக்குக் கட்டணம் உண்டு, எம்ப்ரேயர்காரருக்கு இல்லை. ஏடிஆர் வைத்திருந்த ஜெட்டுக்கும் டெக்கானுக்கும்கூட இந்தச் சலுகை கிடைத்தது. ஆனால் அவை விசிறி விமானங்கள், வேகம் குறைவு, சத்தம் அதிகம். சலுகையும் கிடைக்க வேண்டும், ஜெட் வேகமும் வேண்டும் என்றால் அந்த எடைக்குள் அடங்கும் ஜெட்டைத் தேடிப்பிடிக்க வேண்டும். பாரமவுண்ட் அதைத்தான் பிடித்தது. அண்ணாச்சியின் காலை நீட்டிய சொகுசுக்குக் காசு கொடுத்தது அந்த 25 ரூபாய் வித்தியாசம்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமான கம்பெனி ஏன் ஐந்து வருடம் தாண்டவில்லை? அதன் பலத்தைத் திருப்பிப் போட்டால் பலவீனம் தெரியும். சிறு விமானம் என்பதால் ஒரு தடவைக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் ஏற்ற முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூட்டம் அலைமோதினாலும் அவ்வளவுதான். இந்தியாவில் அப்போது வேறு எந்தப் பயணிக் கம்பெனியும் இந்த ரகத்தை ஓட்டவில்லை. ஒரு உதிரிபாகம் போனால் பக்கத்துக் கம்பெனியிடம் கைமாற்று வாங்க முடியாது. ஒரு விமானி லீவு போட்டால் வேறு இடத்திலிருந்து ஆள் எடுக்க முடியாது. விமானங்களும் சொந்தம் இல்லை, குத்தகை. மொத்தமே ஐந்து. குத்தகைக்குக் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியோடு வழக்கு மூண்டது. ஒவ்வொன்றாகத் திரும்பப் போயின. ஐந்தில் இரண்டு போனால் பாதிக் கம்பெனி போன மாதிரி. 2010-ல் பறப்பது நின்றது. மதுரைக்காரர் ஒருவர் நடத்திய கம்பெனி, அதே வருடம் செப்டம்பரில் மதுரையில் புது முனையக் கட்டடம் திறந்தபோது கூட்டத்தில் இல்லை.

*

எங்கள் கோயில் கதையை இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. சங்கன் சிவபக்தன், பதுமன் திருமால் பக்தன். இருவரும் நாகர் தலைவர்கள். உன் சாமி பெரிதா என் சாமி பெரிதா என்று ஓயாத வழக்கு. கோமதியம்மன் தவமிருக்க, ஆடி உத்திராடத்தன்று ஒரு பாதி சங்கரன், ஒரு பாதி நாராயணன் என ஒரே உருவில் காட்சி கிடைத்தது. ஆடித்தபசு அன்று ஊர் தாங்காது.

2007-ல் இந்திய விமானக் கம்பெனிகள் மூன்று தடவை இந்தக் காட்சியைக் காட்டப் பார்த்தன. ஒரே வருடத்தில் ஜெட் 1,450 கோடி ரூபாய்க்கு ஏர் சகாராவை வாங்கியது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாயின. விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் ஏர் டெக்கானில் 26 சதவீதப் பங்கை 550 கோடிக்கு எடுத்தது.

ஏர் இந்தியாவிடம் போயிங், இந்தியனிடம் ஏர்பஸ். இரண்டு விமானிகள் கூட்டத்துக்கும் சம்பளம் வேறு, பதவி உயர்வு வேறு. பெயர் ஒன்றாகி ஐந்து வருடம் கழித்து, 2012-ல், புதிய டிரீம்லைனர் ஓட்ட யாருக்குப் பயிற்சி என்ற சண்டையில் ஒரு தரப்பு விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதி சங்கரன் மீதி நாராயணனோடு பேசவே இல்லை.

மல்லையாவின் கிங்ஃபிஷர் கதை இன்னும் விசித்திரம். 2005 மே மாதம் தொடங்கிய கம்பெனிக்கு வெளிநாடு பறக்க ஆசை. சட்டமோ, ஐந்து வருடம் உள்நாட்டில் ஓடியிருக்க வேண்டும், இருபது விமானம் இருக்க வேண்டும் என்றது. விமானம் வாங்கலாம், வயதை எங்கே வாங்குவது? டெக்கானிடம் வாங்கினார்கள். டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் ஐந்து வயது முடிந்தது. காகிதத்தில் கிங்ஃபிஷர் டெக்கானுக்குள் சேர்க்கப்பட்டு, பிறகு அந்த முழுக் கம்பெனிக்கும் கிங்ஃபிஷர் என்று பெயர் வைக்கப்பட்டது. 2008 செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து லண்டனுக்கு விமானம் எழும்பியது.

வாங்கிய வயதோடு வேறு சிலவும் சேர்ந்து வந்தன: டெக்கானின் நட்டம், கலப்படமான விமானப் படை, மலிவுக்கு வந்து பழகிய பயணிகள். டெக்கானுக்கு கிங்ஃபிஷர் ரெட் என்று பெயர் சூட்டி, சிவப்புச் சட்டை மாட்டி, கொஞ்சம் உபசாரமும் சேர்த்தார்கள். என்ன ஆயிற்று? அதிகக் காசு கொடுத்து முதல்தரக் கிங்ஃபிஷரில் போனவர்களே, பெயரும் சிரிப்பும் இங்கேயும் அதுதானே என்று ரெட்டுக்கு இறங்கினார்கள். தன் கடைக்குத் தானே எதிர்க்கடை போட்டமாதிரி. இந்தச் சமயத்தில்தான், 2008 ஜூலையில், கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. நூற்றுக்கு 29 ரூபாய் வரி அந்த ஏறிய விலையின் மேல்தான் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கிங்ஃபிஷர் ஒரு வருடம்கூட லாபம் பார்த்ததில்லை. 2011 செப்டம்பரில் ரெட் மூடப்படும் என்று அறிவிப்பு. 2012 அக்டோபரில் முழுக் கம்பெனியும் நின்றது. மாதக்கணக்கில் சம்பளம் வராத ஊழியர்கள், ஒன்பதாயிரம் கோடி பாக்கிக்கு வரிசையில் நின்ற வங்கிகள். எங்கள் ஊரில் அதன் திரைப்பெட்டி வைத்த சீட்டைப் பற்றி இன்றும் வாய் ஓயாமல் பேசுவார்கள். சகாராவின் சுமையோடு இழுத்துக்கொண்டு போன ஜெட், 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசியாகப் பறந்தது.

*

கிங்ஃபிஷர் காலி செய்த இடத்துக்குத் தெற்கே முதலில் வந்தது ஸ்பைஸ்ஜெட். 2010-ல் கலாநிதி மாறன் பெரும்பங்கை வாங்கியிருந்தார். 78 இருக்கை வைத்த பம்பார்டியர் க்யூ400 விசிறி விமானங்கள் 2011-லிருந்து வர ஆரம்பித்தன. எண்பதுக்கு இரண்டு குறைவு. இருக்கையை எண்ணியவர் இறங்கு கட்டணச் சலுகையைப் படித்திருக்கிறார் என்று தெரிகிறது. 2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து கொழும்புக்கு அவர்கள் விட்டதுதான் மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம். தைரியமான கம்பெனி. ஆனால் போயிங்கும் க்யூ400-உம் இரண்டு வேறு படை, இரண்டு வேறு பட்டறை. 2014 டிசம்பரில் ஆயில் கம்பெனிகள் கடனுக்கு எண்ணெய் தர மறுத்து, ஒரு நாள் பகலில் விமானங்கள் தரையோடு நின்றன. அடுத்த மாதமே கம்பெனி பழைய நிறுவனர் அஜய் சிங்கிடம் திரும்பியது.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கம்பெனி எங்கள் பக்கமே திரும்பவில்லை. ராகுல் பாட்டியாவும் ராகேஷ் கங்வாலும் தொடங்கிய இண்டிகோ, 2006 ஆகஸ்ட் 4 அன்று டெல்லியிலிருந்து குவாஹாத்தி, இம்பாலுக்குப் பறந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, ஒரு விமானம்கூடக் கையில் இல்லாதபோது, பாரிஸ் கண்காட்சியில் நூறு ஏர்பஸ்ஸுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுத்திருந்தார்கள். ஜவுளிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: நூறு சேலை எடுக்கிறவனுக்கும் ஒரு சேலை எடுக்கிறவளுக்கும் ஒரே விலையா போடுவார்கள்? மலிவாக வாங்கிய விமானம் வந்து சேர்ந்த அன்றே குத்தகைக் கம்பெனிக்கு நல்ல விலைக்கு விற்று, அதே விமானத்தை ஆறு வருடம்போல வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். வித்தியாசம் கையில் ரொக்கம். விமானத்துக்குப் பெரிய பராமரிப்புச் செலவு வரும் வயதில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்தது புதிது.

ஒரே ரக விமானம் என்பதால் எந்த விமானி எதில் வேண்டுமானாலும் ஏறலாம்; எந்த மெக்கானிக்கும் எதையும் திறக்கலாம். ஏறுவதற்குப் படிக்குப் பதில் சாய்தளம் வைத்தார்கள். முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு அது உபகாரம். அரை மணியில் விமானத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய கம்பெனிக்கும் உபகாரம். ஈரத்துண்டு கிடையாது, திரைப்பெட்டி கிடையாது. எங்கள் டீக்கடைப் பெஞ்சில் மதிப்பெண் போட்டிருந்தால் கடைசி இடம்தான். மற்றவர்கள் மூழ்கிக்கொண்டிருந்த 2008–09-லேயே அது லாபம் பார்த்துவிட்டது.

இண்டிகோ எங்கள் பக்கம் திரும்பாததற்குச் செருக்கு காரணம் இல்லை. பாதிக் காரணம் ஓடுதளம். சங்கரன்கோவிலிலிருந்து மதுரை விமான நிலையம் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். தூத்துக்குடி வாகைக்குளம் தொண்ணூறுக்குள் வந்துவிடும். ஆனால் வாகைக்குளத்து ஓடுதளம் பல வருடம் 1,350 மீட்டர்தான். அதில் ஏடிஆர் இறங்கும், க்யூ400 இறங்கும், ஏர்பஸ் இறங்காது. ஏர்பஸ் மட்டுமே வைத்திருப்பது இண்டிகோவின் பெரும்பலம் என்றேன். வாகைக்குளத்தில் அதுவே அதன் ஊனம். அதனால்தான் அங்கே ஏர் டெக்கான், கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட் என்று விசிறிக்காரர்களே மாறி மாறி வந்தார்கள். 2017 டிசம்பரில் இண்டிகோ தன் ஒற்றை ரக விரதத்தை முறித்து ஏடிஆர் பறக்கவிட்டது. அதற்குப் பிறகுதான் வாகைக்குளத்தில் நீலச் சட்டை தெரிந்தது.

இன்று உள்நாட்டில் பறக்கும் நூறு பேரில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இண்டிகோவில் போகிறார்கள். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் திரும்பி, விஸ்தாராவையும் சேர்த்துக்கொண்டு, இரண்டாவது இடத்தில் நிற்கிறது. மூன்றாவது என்று சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது. 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதற்கு இண்டிகோ தயாராக இல்லாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, ஏறிப் போக வேறு கம்பெனி இல்லாமல் நாடே விமான நிலையத் தரையில் படுத்தது. ஆட்களைக் கட்டுச்செட்டாக வைத்திருப்பதைத்தான் அதுவரை எல்லோரும் அதன் பலம் என்று எழுதி வந்தோம். நானும் முன்பு அப்படி எழுதியிருக்கிறேன், திருத்திக்கொள்கிறேன்.

வாகைக்குளத்து ஓடுதளம் இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலை 26 அன்று புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். இனி ஏர்பஸ்ஸும் போயிங்கும் இறங்கலாம். தளம் நீண்டுவிட்டது, போட்டி போட அதில் இறங்கக் கம்பெனிகள்தாம் குறைந்துவிட்டன. அண்ணாச்சி இப்போது சென்னைக்குப் போவதில்லை. மகன் போகிறான், பெரும்பாலும் பொதிகையில்.

திருவனந்தபுரத்துப் பாதையை அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் வாசகர்களிடம் ஒரு கோரிக்கை: என்.இ.பி.சி., பாரமவுண்ட் இரண்டில் எதனுடைய போர்டிங் பாஸாவது பழைய டைரிக்குள் கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். என்னிடம் இருந்த பாரமவுண்ட் சீட்டில் எழுத்து முழுக்க மங்கி, இப்போது வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது.